இரட்டைத் தையல் போட்ட திரை

என் மூத்த செல்வத்துக்கு,

அம்மா கைப்பட எழுதுகிறேன். நாங்கள் நலம். உன் அப்பாவின் முழங்கால் வலி மழைக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? "நல்லா இருக்கேம்மா" என்று நீ ஒரே வரியில் எழுதுவதை மட்டும் நான் நம்புவதில்லை. நன்றாக இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நீளமாக எழுதுவார்கள்.

நம் சபைக்குப் புதிய போதகர் வந்திருக்கிறார். சின்ன வயது, சிரித்த முகம். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவரை எனக்கு உடனே பிடித்துவிடாது. வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அந்தக் காலத்து இஸ்ரவேலரின் தேவாலயத்தைப் பற்றியே பிரசங்கம். அங்கே ஆசாரியர்கள் கைகால் கழுவிய வெண்கலத் தொட்டி, இங்கே ஞானஸ்நானமாம். அங்கே மேசைமேல் வைத்த அப்பம், இங்கே அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தாம். அது வரப்போவதன் நிழல், சபைதான் நிஜம் என்கிறார். எனக்கு அது என் தொழில் வழியாகத்தான் புரிந்தது. துணியில் கத்தரி வைக்குமுன் பழைய செய்தித்தாளில் அளவு வெட்டிப் பார்ப்பேனே, அந்தத் தேவாலயம் அந்தக் காகிதம். சபைதான் சட்டை. சட்டை தைத்து முடித்தபின் யாரும் காகிதத்தை மாட்டிக்கொண்டு திரிவதில்லை.

ஒரு ஞாயிறு அங்கே இருந்த தடுப்புச் சுவரைப் பற்றிச் சொன்னார். இஸ்ரவேலர் அல்லாத புறஜாதியார் அதுவரைதான் வரலாமாம். தாண்டினால் தலை போய்விடுமாம். சபையில் அந்தச் சுவர் இடிந்துபோயிற்று என்றார். நான் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம சபையில சேராதவன் என் வாசப்படி ஏறக் கூடாது" என்று உன் கல்யாணத்தின்போது சொன்ன வாய் அல்லவா. சபை மூப்பர் என்றால் சும்மாவா. மாப்பிள்ளையை இத்தனை நாளும் "அந்தப் பையன்" என்றுதான் சொல்லிவந்தார்.

அடுத்த வாரமே போதகர் என் தையற்கடைக்கு வந்தார். திருவிருந்து மேசைக்கு முன்னால் மேலிருந்து தரைவரை தொங்க ஒரு திரை வேண்டுமாம், நீலமும் சிவப்புமாகக் கனத்த துணியில். எனக்குப் பகீரென்றது. அந்தத் தேவாலயத்தில் யாரும் நுழையாதபடி மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்துத் தொங்கிய திரை, இயேசு உயிர்விட்டபோது மேலிருந்து கீழாகக் கிழிந்துபோனது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கிழிந்ததை இவர் எதற்குத் திரும்பத் தைக்கச் சொல்கிறார், யாரை வெளியே நிறுத்த? போதாததற்கு, உன் அப்பாவும் அவரும் ஆலயத்தின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுவதை இரண்டொரு முறை பார்த்தேன். நான் உள்ளே போனால் உடனே மழையைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் என்றாவது வந்தாலும் மேசைப்பக்கம் அண்டவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். ராத்தூக்கம் போயிற்று.

அதோடு விட்டாரா? "நடுவுல சேக்கிற தையல் மட்டும் லேசா இருக்கட்டும்மா, சும்மா நூலோட்டி விட்டாப் போதும்" என்றார். ஏன் என்று கேட்டேன். சிரித்தார். தையல் பிரிந்தால் பழி யாருக்கு? பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிப் பெரிய தெருக் கடைக்காரருக்குக் கொடுக்கத் தந்திரம் என்று முடிவுகட்டிவிட்டேன். நானா விடுவேன்? கூடாரத் துணி தைக்கும் நூலைக் கோத்து இரட்டைத் தையல் போட்டேன். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது. ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பெரிய வெள்ளி ஆராதனை. போதகர் திரை கிழிந்த வசனத்தை வாசித்ததும், உன் அப்பா ஒரு பக்கமும் ஆலயக் காவல்காரர் மறுபக்கமும் போய், திரையின் மேல் மூலைகளில் கட்டியிருந்த கயிறுகளைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிழிவதற்காகவே தைக்கச் சொல்லியிருக்கிறார். சபையார் எதிர்பாராமல் பார்க்கட்டும் என்று ரகசியமாக வைத்திருக்கிறார்கள். திரையோ அசையவில்லை. போதகர் மறுபடி வாசித்தார். மறுபடி இழுத்தார்கள். மேலே கம்பிதான் வளைந்தது. அடுத்த முறை வாசிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் கைப்பையில் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும், உனக்குத் தெரியும். எழுந்து போய்க் கீழே குனிந்தேன். உன் அப்பா என் முழங்கையைப் பிடித்து, "கீழேர்ந்து இல்ல, மேலேர்ந்துதான் கிழியணும்" என்றார் மெதுவாக. அவரே முக்காலியைத் தூக்கிவந்து போட்டு, அந்த வலிக்கிற முழங்காலை ஊன்றி, நான் விழாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏறி, மேலிருந்து வெட்டிக்கொண்டே இறங்கினேன். நான் போட்ட தையல், சுலபத்தில் விடுமா? கடைசி நூலும் அறுந்ததும் துணி இரண்டு பக்கமும் விலகியது. பின்னால் பெரிதாக ஒன்றுமில்லை. நம் பழைய மேசையும் அதன்மேல் அப்பமும்தான். வாசலோரம் நின்றவர்களுக்கும் அது தெரிந்தது. உன் அப்பா எழவில்லை. முழங்கால் வலி என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வந்தோம். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது, "மாப்பிள்ளைக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டார். அந்தப் பையன் என்று சொல்லவில்லை. தெரியாது என்றேன். "சொந்த மாப்பிள்ளைக்கு என்ன ஆகும்னுகூடத் தெரியாதா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். எப்படித் தெரியும், நீயே சொல்.

இதிலும் உள்நோக்கம் இருக்குமோ என்று அவரைக் கவனித்து வருகிறேன். நேற்று வாசற்கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். ஏன் என்றால் சத்தம் போடுகிறதாம். நீ போன நாளிலிருந்து அது சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

காரம் ஆகுமா ஆகாதா என்று கடிதத்தில் எழுதாதே. மாப்பிள்ளையே வந்து தன் வாயால் உன் அப்பாவிடம் சொல்லட்டும். ஆண்டவர் உங்கள் இருவரையும் வழியெல்லாம் காத்து, நம் வாசப்படி ஏறச் செய்யட்டும்.

இதையாவது நம்பிக்கொண்டிருக்கும்,
அம்மா