பின்னிருக்கை இல்லாத விமானம்

அக்டோபர் 3

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இப்படிக்கு சஃப்ரீன், ஒன்பதாம் வகுப்பு, தாராவி.

இன்று கூடு வந்தது. அது ஒரு கிளைடரின் முன்பகுதி. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். கயிற்றால் இழுத்து மேலே விட்டுவிடுவார்கள், அதன்பிறகு காற்றுதான் எல்லாம். பிப்ரவரியில் நம் நாட்டில் சர்வதேசப் போட்டி நடக்கப்போகிறது, இருபத்திரண்டு நாடுகள். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே மாதிரி விமானம். ஆள் மட்டும்தான் வேறு. அந்த விமானத்தின் மெத்தை, வார்ப்பட்டை, உறை எல்லாம் தைக்கும் வேலை வாப்பாவின் பட்டறைக்குக் கிடைத்திருக்கிறது. இத்தனை வருடமாகக் கைப்பை தைத்த பட்டறை.

அளவு பார்ப்பதற்காகப் பிளைவுட்டில் செய்த கூடு இது. இறக்கை கிடையாது. வாலுக்குப் பதில் நீளமாக ஓர் இரும்புக் குழாய். ஏணிப்படியில் ஏறவில்லை. ஜன்னல் கம்பியைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டி மாடிக்கு இழுத்தார்கள். சந்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "யாரு மய்யித்து இது" என்று, பிணம் ஏற்றுவதாக நினைத்து, ஒரு கிழவர் கேட்டுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 5

கூட்டுக்குள் உட்காரும் வேலை எனக்கு. மிகச் சிறிய விமானிக்கும் இருக்கை பொருந்த வேண்டும். நிஜத்தில் அந்தச் சிறிய விமானி என் அக்கா, அஃப்ஷா ராத்தாதான். கல்லூரி என்.சி.சி.யில் சேர்ந்து கிளைடர் ஓட்டக் கற்றவள், தனியாகவே நாற்பது தடவைக்கு மேல் பறந்தவள். புது விமானத்தை மிகக் கனமான விமானியும் மிக லேசான விமானியும் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். லேசான ஆளாக அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தச் சோதனையில் நன்றாக ஓட்டினால், போட்டி நாட்களில் எல்லோருக்கும் முன்னால் பறந்து காற்றைப் பார்த்துச் சொல்லும் விமானி அவள்தான். மூன்று மாதமாக அவள் வேறு எதையும் பேசுவதில்லை.

அவள் எடை நாற்பத்தேழு கிலோ. என் எடையும் அதே. "அவ ஓடி ஓடி மெலிஞ்சா, நீ உக்காந்து படிச்சே ஊதிட்ட" என்று கட்டிங் மாஸ்டர் அபுதாஹிர் மாமா சொன்னார்.

கண்ணாடி மூடியைச் சாத்தியதும் தாராவி நின்றுவிட்டது. தையல் மிஷின் இல்லை, கீழே டீக்கடை ரேடியோ இல்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் எனக்குப் பின்னாலிருந்து கேட்டது.

முன்னால் ஒரு பழைய உயரமானி பொருத்தியிருக்கிறார்கள். நிஜமானது. காலை பத்து மணிக்குப் பூஜ்யத்தில் வைத்தேன். மாலை நாலு மணிக்கு முப்பது மீட்டர் காட்டியது. யாரும் தொடவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது.

அக்டோபர் 6

காலை பூஜ்யம். மாலை இருபத்தெட்டு. இன்றும் ஏறியிருக்கிறோம்.

அக்டோபர் 8

போட்டிக் குழுவின் செயலாளர் கிட்டு சார் மாட்டுங்காவிலிருந்து வந்தார். ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமானியைப் பற்றிக் கேட்டேன். "பகல்ல காத்தோட அழுத்தம் கொறையும்மா. அதுக்கு உயரமெல்லாம் தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும். நீ பயந்துண்டியா?" என்றார். இல்லை என்றேன். புரிந்தது. ஆனாலும் மாலையில் ஊசியைப் பார்க்க மனம் கூசுகிறது.

எடை மெத்தை என்று ஒன்று தைக்க வேண்டும். ஓட்டுபவர் குறைந்தது ஐம்பத்தெட்டு கிலோ இருக்க வேண்டுமாம். குறைந்தால் வால் கனத்துவிடும், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பேச்சுக் கேட்காது. அதனால் லேசானவர்கள் பன்னிரண்டு கிலோ ஈயக் குண்டுகள் நிரப்பிய மெத்தையைப் போட்டு உட்கார வேண்டும். கிட்டு சார் அதையும் செய்து காட்டினார். கூட்டின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதற்கு நேர் கீழே உருளைக் கட்டையை வைத்தால் கூடு தராசு மாதிரி நிற்கும். எடை சரியாக இருந்தால் மூக்கு தரையில் இருக்கும். இல்லாவிட்டால் வால் இறங்கும்.

ஈயம் இன்னும் வந்து சேரவில்லை. பட்டறை வழக்கப்படி சாம்பிள் மட்டும் தைத்துக் காட்டினோம். பையின் வடிவம் நிற்பதற்குக் காகிதம் திணிப்போமே, அதுபோல. காகிதத்துக்குப் பதிலாகப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய நட்டுகளை நானே போட்டேன். 'எடை 12 கிலோ' என்ற லேபிளும் அதில் இருந்தது. எங்கள் பட்டறையில் லேபிள் உள்துணியோடு சேர்த்து முதலிலேயே தைக்கப்பட்டுவிடும். சரக்கு பிறகுதான்.

கிட்டு சார் தையலைத் தடவிப் பார்த்து, "நன்னா வந்திருக்கு" என்றார். பிறகு சாம்பிளை ஆணியில் மாட்டிவைத்தேன்.

அக்டோபர் 10

காலையில் மாடிக்குப் போனேன். இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது. அந்த நுரை மெதுவாகத்தான் எழும்பும், அழுத்தினால் என் நாலு விரலும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் மெல்ல மேலெழுந்து, ஆள் இல்லாமல் ஆனது.

அக்டோபர் 11

கண்டுபிடித்துவிட்டேன். ராத்தாதான். வாப்பாவின் சாவியை எடுத்துக்கொண்டு தினமும் கல்லூரிக்குப் போகும் முன் வந்து உட்காருகிறாள். கண்ணை மூடிக்கொண்டு விமானம் ஓட்டும் கம்பை அசைக்கிறாள், வாய் ஏதோ முணுமுணுக்கிறது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. மூடியைத் தட்டினேன். கண்ணைத் திறந்து, "ஏளா, இப்பதான் ஆயிரத்து இருநூறு மீட்டர்ல இருந்தேன், கெடுத்துட்டியே" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 12

நேற்று ஈயம் வந்தது, அதை நிரப்பி இன்னொரு எடை மெத்தை தைத்தாகிவிட்டது. இன்று டெம்போ வந்தது. இருக்கை, வார், எடை மெத்தை எல்லாம் ஏற்றினோம். எடை பார்த்துத்தான் அனுப்பினோம். ராத்தாவும் அதிலேயே புறப்பட்டுவிட்டாள். மைதானம் புனேயைத் தாண்டி இருக்கிறது.

அக்டோபர் 14

பகல் பன்னிரண்டேகாலுக்கு ராத்தாவிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ். 'இறங்கிட்டேன்.' உம்மா இரண்டு ரக்அத் தொழுதாள். நான் எப்படி இருந்தது என்று கேட்டு அனுப்பினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

அக்டோபர் 15

ராத்தா வந்துவிட்டாள். சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருக்கிறாள். உம்மா கடைக்குப் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"பின்னால யாரோ இருந்தாங்க."

அதில் ஒரே இருக்கைதானே என்றேன்.

"தெரியும். கயித்த விட்டதுமே ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு. பின்பக்கம் கனமா. கம்ப முழுக்க முன்னால தள்ளிப் புடிச்சிருக்கேன், அது மூக்கத் தூக்கிக்கிட்டே இருக்கு. யாரோ பின்னால சாய்ஞ்சு இழுக்குத மாதிரி. மூச்சு வேற கேட்டுச்சு, சஃப்ரீன். ரெண்டு தடவ திரும்பிப் பாத்தேன்."

"ரேடியோல சொன்னியா?"

"சொன்னேன். அதுதான் தப்பு."

அக்டோபர் 17

கிட்டு சார் வாப்பாவுக்குப் போன் செய்தார். ராத்தா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

கனமான விமானி அதே விமானத்தை ஓட்டியபோது ஒரு குறையும் இல்லையாம். அதனால் விமானம் சரி. "கொழந்தை நெர்வஸ் ஆயிட்டா. பின்னாடி யாரோ இருக்கான்னு ரேடியோல சொன்னா, எல்லாரும் கேட்டாளே. வெளிநாட்டுக்காராளும் இருந்தா. குழு வேற ஆளைப் பாக்கலாம்னு சொல்றது. நான் என்ன பண்ணட்டும், பாய்?"

வாப்பா, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். ராத்தா எழுந்து முகம் கழுவப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

உம்மா அவள் மீது ஓதி ஊதுகிறாள். பக்கத்து வீட்டு அக்தர் பானு மாமி, "வயசுப்புள்ள ஆகாசத்துல தனியாப் போனா அப்படித்தான், ஏதாவது கூட வரும்" என்கிறாள். முன்பெல்லாம் ராத்தா இதற்குக் கிண்டலாக ஒரு பதில் வைத்திருப்பாள். இப்போது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அக்டோபர் 18

நாலு நாளாக எங்கள் அறையில் விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. அணைக்கப் போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

அக்டோபர் 19

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

மதியம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மாடிக்குப் போனேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே உருளைக் கட்டையைத் தள்ளினேன். ராத்தாவின் எடைதானே எனக்கும். எடை மெத்தை இல்லாமல், மூக்கு எழும்பாதபடி முன்னால் குனிந்தே உள்ளே ஏறி உட்கார்ந்து, மூடியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு — மெதுவாக — பின்னால் யாரோ ஏறினார்கள். அப்படித்தான் இருந்தது. கால் இருந்த மூக்குப் பக்கம் தரையை விட்டு மேலே போனது. என் முதுகு பின்னால் சாய்ந்தது. மூச்சு பின்னாலிருந்து கேட்டது. அலற நினைத்தேன், அலறவில்லை. திரும்பிப் பார்த்தால் பிளைவுட்.

வால் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மூச்சு என்னுடையது, பலகையில் பட்டுத் திரும்புகிறது. ராத்தா சொன்னது இதைத்தான். ஆனால் ராத்தாவிடம் பன்னிரண்டு கிலோ இருந்ததே?

இறங்கினேன். ஆணியில் நட்டு போட்ட சாம்பிள் மெத்தை தொங்கியது. அதைப் போட்டு உட்கார்ந்தால் வால் கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

உட்கார்ந்தேன். இறங்கவில்லை. மூக்கு தரையில் அப்படியே நின்றது. காத்திருந்தேன். கூடு அசையவே இல்லை. இவ்வளவு நாளில் அதற்குள் நான் இப்படிப் பயந்ததில்லை.

இரும்புக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். பன்னிரண்டு கிலோ இருபது கிராம். ஈயம் இங்கே இருக்கிறது. ராத்தாவோடு மேலே போனது நட்டு. அது ஐந்து கிலோகூட இருக்காது.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். அக்டோபர் 12 அன்று எழுதியது பொய். எடை பார்க்கவில்லை. டெம்போக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். மாமா கீழேயிருந்து "எடை பாத்தியா?" என்றார். நான் ஆணியில் இருந்ததை எடுத்தேன், லேபிளைப் படித்தேன், கனமாகவும் இருந்தது. மேஜைக்கடியில் இருந்த இன்னொன்றைத் தூக்கிப் பார்க்கவில்லை. "பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டேன். பிறகு யாரோ அந்த இன்னொன்றைக் காலி ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். நோட்டிலும் பாத்தாச்சு என்றே எழுதியிருக்கிறேன். நோட்டிடம் யார் கேட்டார்கள்?

சொன்னால் வாப்பாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் ராத்தா இப்படியே இருப்பாள்.

மாலை வாப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: "விழுந்திருப்பாளா?"

தெரியவில்லை என்றேன்.

அக்டோபர் 20

வாப்பா, மாமா, நான் மூன்று பேரும் மாட்டுங்காவுக்கு, கிட்டு சார் வீட்டுக்குப் போனோம். வாப்பா மெத்தையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்தார். "நான் சொல்லிக்கிடுதேன், நீ பேசாதே" என்று வழியெல்லாம் சொன்னார். அங்கே போனதும் அவருக்கு வார்த்தை வரவில்லை. நான்தான் சொன்னேன்.

கிட்டு சார் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து மெத்தையை வைத்துப் பார்த்தார். மைதானத்துக்குப் போன் செய்து அங்கிருப்பதையும் எடை போடச் சொன்னார். நாலு கிலோ எண்ணூறு. போனை வைத்தார்.

"மைதானத்துல யாருமே எடை போடலை. நானும் கேக்கலை. லேபிளைத்தான் பாத்தோம்" என்றார். பிறகு, "அவ்வளவு வால் கனத்தோட நேரா கொண்டுவந்து எறக்கியிருக்கா. நான் அவளை நெர்வஸ்னு எழுதிட்டேன்."

எடை மெத்தையும் வாரும் இனி வேறு இடத்தில் தைப்பார்களாம். குழு ஒத்துக்கொள்ளாதாம். உறை மட்டும் எங்களுக்கு. வாப்பா தலையாட்டினார். திரும்பும்போது மாமா, "இனிமே லேபிள் கடைசிலதான்" என்றார்.

அக்டோபர் 21

எல்லாவற்றையும் சொன்னால் ராத்தா சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

"ஒரு வாரமா எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். ஒரு வாரம். நீ பக்கத்துப் பாயிலதான படுத்துக் கெடந்த?"

எனக்கும் நேற்று முன்தினம்தான் தெரியும் என்றேன்.

"எடை பாக்கலைன்னு பன்னெண்டாம் தேதியே தெரியும்ல."

தெரியும்.

அக்டோபர் 23

பேசவில்லை. உம்மா மூலமாக உப்புக் கேட்கிறாள்.

அக்டோபர் 25

ராத்தாவை மறுபடி அழைத்திருக்கிறார்கள். நாளை பறக்க வேண்டும். புறப்படும்போது, வேறு இடத்தில் தைத்து வந்த புது எடை மெத்தையை என் முன்னால் வைத்தாள். தராசையும் வைத்தாள். எடை போட்டேன். அவளும் குனிந்து பார்த்தாள்.

அக்டோபர் 26

பதினொன்றரைக்குக் கூட்டின் உயரமானியைப் பார்த்தேன். பத்து மீட்டர். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவ்வளவுதான் இருக்கும். இருந்தாலும் அங்கேயே நின்றேன், மெசேஜ் வரும் வரை.

அக்டோபர் 27

டெம்போ வந்து கூட்டை எடுத்துப் போய்விட்டது. ஜன்னல் கம்பியை மறுபடி வெல்டிங் செய்தார்கள்.

ராத்தா மாலை வந்தாள். ஐம்பத்தோரு நிமிடம் மேலே இருந்தாளாம். முன்னால் பறக்கும் விமானி அவள்தான் என்று கிட்டு சார் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை வாப்பாவிடம் நீட்டினாள். வாப்பா அதை இரண்டு தடவை படித்தார். சோறு போதும் போதும் என்று உம்மா சொல்லும் வரை ராத்தா சாப்பிட்டாள்.

படுக்கும்போது நான்தான் கேட்டேன். அவள் பதில் சொல்வாளா என்று தெரியாமல்தான் கேட்டேன்.

"பின்னால?"

"யாருமில்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "மேல போனதும் ஒரு தடவ தேடுனேன்" என்றாள்.

பிறகு அவளே எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.