உன் கட்டைவிரல் பதிந்த கல்

காலையில் சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அதைக் கையில் கொடுத்த கண்டக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உள்ள என்னமோ முனகிட்டே வருது பாய், சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க" என்றார். பட்டறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். சூளை எரிகிற சத்தத்துக்கு நடுவிலும் அந்த முனகல் கேட்டது. பழைய கதவு தானாக அசைகிற மாதிரி, கர்ரென்று ஒரு சத்தம், பிறகு கொஞ்சம் மௌனம், மறுபடியும் கர்ர். மூடியைத் திறக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சிங்கி எறா, பாறை இடுக்கில் வாழும் பெரிய இறால். உயிரோடு.

"புடிச்சு மேல தூக்கினாத்தான்டா அது முனகும். அது இடத்துல இருக்குற வரைக்கும் சத்தமே காட்டாது" என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இது உனக்குக் கேட்கிறதா என்று மட்டும் கேட்கமாட்டேன். போன மாசம் நடந்ததைப் பார்த்தபிறகு, பதில் வந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது.

செராமிக் படிப்பில் நீயும் நானும் ஒரே பெஞ்சு. நீ கடற்கரையிலிருந்து மண்ணைப் படிக்க வந்தவன், நான் மங்கலம்பேட்டையிலிருந்து. என் அண்ணன்மார் எல்லாம் வளைகுடாவில் இருந்தார்கள். "உங்க ஊர்ல துபாய்க்குப் போகாத ஒரே ஆம்பள நீதான். உனக்கெல்லாம் எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று கேலி செய்வாய். கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு வந்து, பிரியாணியை மூன்றாவது தட்டுக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனும் நீதான். படிப்பு முடிந்து நான் இங்கேயே பீங்கான் ஃபியூஸ் கட்டை போடுகிற சின்னப் பட்டறை ஆரம்பித்தேன். உன் அப்பாவால் படகு தள்ள முடியாமல் போக, நீ கடலுக்குத் திரும்பிவிட்டாய். படித்த படிப்பு வீணாகிவிட்டதே என்று நான் புலம்பியபோது நீ சிரித்தாய். அடுத்த சிங்கி சீசனுக்கு முன்னால் வந்து நின்றாய்.

"வலை அடியில எடைக்கு ஈயம் போட்டா களவு போகுது. கருங்கல்லு கயித்த அறுக்குது. நம்ம மண்ணுல வலைக்குக் கல்லு சுடலாம்டா." அப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது. உள்ளங்கையளவு உருளை, நடுவில் கயிறு கட்ட ஒரு பள்ளம், மேலே வெள்ளை கிளேஸ், சுட்டால் கண்ணாடி மாதிரி பளபளக்கிற பூச்சு. பிளாஸ்டரில் நீயே அச்சு செய்தாய். வருஷா வருஷம் வந்து, அச்சிலிருந்து எடுத்த ஈரக் கல் ஒவ்வொன்றின் அடியிலும் உன் கட்டைவிரலை அழுத்துவாய். சின்ன வயதில் தூண்டில் நரம்பு அறுத்து, உன் கட்டைவிரல் ரேகையைக் குறுக்கே இரண்டாக வெட்டிய தழும்பு இருக்குமே, அதுவும் பதியும். சுட்ட பிறகு அந்தக் குழியில் கிளேஸ் தேங்கி, தழும்பு ஒரு கோடாகத் தெரியும். "பேரு எழுதேன்டா" என்பேன். "கடல்ல எவன் படிக்கப்போறான்?" என்பாய்.

கடலில் எதுவும் எழுதி வைப்பதில்லை என்பதை நீ என்னைப் படகில் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் புரிந்துகொண்டேன். எனக்குப் போக இஷ்டமே இல்லை. "உங்க பக்கத்து ஸ்ரீமுஷ்ணத்துச் சாமியே வருஷத்துக்கு ஒரு தடவ எங்க கடலுக்கு வருது. நீ என்ன அத விடப் பெரிய ஆளா?" என்று கேட்டு வாயை அடைத்தாய். கரையிலிருந்து வெகுதூரம் போய், கோயில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பார்த்து, "இதான் என் இடம்" என்றாய். எனக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அதன் அடியில் பாறை இருப்பதையும், அதைப் பார் என்று சொல்வீர்கள் என்பதையும், அந்தப் பாரை உங்கள் குப்பத்து ஆட்கள் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பதையும் நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பட்டா இல்லை, வேலி இல்லை. யார் கல் கிடக்கிறதோ அவன் இடம்.

"எவனாச்சும் உன் இடத்துல வலை விட்டுட்டா?" என்றேன்.

"அறுக்கக்கூடாது, திட்டக்கூடாது. என் கல்லுல ஒண்ண அவன் வலையில கட்டி வுட்டுட்டு வந்துடணும். காலைல வலையத் தூக்குறப்ப பாப்பான். அந்தக் கல்லக் கொண்டாந்து என் வூட்டு வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவான். அத்தோட முடிஞ்சுது. ரெண்டாவது தடவையும் கல்லுதான்."

"மூணாவது தடவ?"

நீ பீடியைக் கடலில் போட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினாய்.

பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நீ கடலிலிருந்து திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியது. குப்பமே தேடியது, கிடைக்கவில்லை. அப்போதுதான் இன்னொரு வழக்கம் எனக்குத் தெரியவந்தது. கடல் திருப்பித் தராத ஆளின் இடம் காலி ஆகாது. அவனுக்கு எப்போது காரியம் செய்கிறார்களோ, அன்றைக்குத்தான் அந்த இடம் பொது. உன் மனைவி அஞ்சலை உனக்குக் காரியம் செய்யவில்லை. பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். உன் படகை அவள் தம்பி ஓட்டி, உன் இடத்தில் வலை விட்டு, அவளுக்கும் உன் மகளுக்கும் பங்கு கொடுத்தான். அந்தப் பங்கில்தான் வீட்டில் உலை வைத்தார்கள். அவள் பொட்டை யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏன் வைத்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

போன மாசம் ஒரு மத்தியானம் தேசிங்கு என் பட்டறைக்கு வந்தார். பாரில் உன் பக்கத்து இடத்துக்காரர் என்று நீ சொல்லியிருக்கிறாய். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துண்டில் சுற்றியிருந்த ஒரு கல்லை எடுத்து இதே மேசையில் வைத்தார்.

"பாய், நேரா கேக்குறேன், நேரா சொல்லுங்க. அவன் போனதுக்கு அப்புறம் இந்தக் கல்லு யாருக்காவது சுட்டுக் குடுத்தீங்களா?"

"இல்லியே. எதுக்குக் கேக்குறீங்க?"

"புயலுக்கு அப்புறம் என் இடத்த மண்ணு மூடிடுச்சு. எனக்கும் புள்ளைங்க இருக்குது. அவன் இடத்துல வலை வுட்டேன். தப்புதான். காலைல தூக்குனா இவன் கல்லு கட்டியிருக்குது. சரி, மச்சினன்காரன் வேலைன்னு நெனச்சுக் கொண்டுபோயி அவங்க வாசல்ல வெச்சேன். அந்தப் பையன் அன்னிக்கு ஜொரத்துல ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். மறுபடி ஒரு தடவ வுட்டேன். யாரும் வர்றாங்களான்னு ராத்திரி முச்சூடும் படகுலயே காவல் இருந்தேன் பாய். ஒரு படகு வரல. தூக்குனா, இது."

அந்தக் கல்லைத் துண்டின் நுனியால்தான் தொட்டு என் பக்கம் நகர்த்தினார். கடலில் பாதி ஆயுளைக் கழித்த ஆள்.

"நீங்க சுட்டுக் குடுத்ததா இருந்தா சொல்லிடுங்க. மனுசன் வேலைன்னா பஞ்சாயத்துல பேசி, அந்த எடத்த நான் வாங்கிக்குவேன். இல்லன்னா..." என்று நிறுத்தினார். "மூணாவது தடவ கல்லோட நிக்காது பாய்."

நான் கல்லைக் கையில் எடுத்தேன். பேய் பிசாசு என்று எவன் பேசினாலும் எழுந்து போகிறவன் நான், உனக்குத் தெரியும். அடியில் உன் கட்டைவிரல் இருந்தது. குறுக்கே அந்தக் கோடும் இருந்தது. அதற்காக நான் பயப்படவில்லை. உன் கல் எத்தனையோ கடலுக்குள் கிடக்கின்றன, ஒன்று சிக்கி வந்திருக்கலாம். ஆனால் கடலில் கிடந்த பொருளில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்குமா? இது சூளையிலிருந்து நேற்று எடுத்தது மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையில் லேசாக ஒரு நீலம் ஓடியது.

உனக்கு இது தெரியாது. நமக்குப் பழைய கிளேஸ் சரக்கு வருவது நின்றுபோய்விட்டது. இந்த வருஷம்தான் வேறு இடத்தில் வாங்குகிறேன். அது சூட்டில் நீலம் காட்டுகிறது. ஃபியூஸ் கட்டைக்கு அதனால் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன். நீ அந்தச் சரக்கைக் கண்ணால் கண்டதில்லை. உன் அச்சையோ, நீ போனபிறகு நான் பரணிலிருந்து இறக்கவேயில்லை. அந்த நீலத்தின் அடியில் உன் விரல் பதிந்திருந்தது. எனக்குப் பிடரி சில்லிட்டது. சூளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குளிர்ந்தது என்றால் யார் நம்புவார்கள்?

"நான் யாருக்கும் சுடல" என்று மட்டும் தேசிங்கிடம் சொன்னேன். அது உண்மை. "இத நீங்க வைக்கவேண்டிய எடம் என் மேசை இல்ல. வாங்க, நானும் வரேன்."

உன் வீட்டு வாசலில் தேசிங்கு கல்லை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அஞ்சலை வெளியே வந்தாள். கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை. முந்தின கல்லை அடுப்படி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள்.

"கல்லு வருது. ஆளு வரல" என்றாள். "அவரு காவல் காக்குறாருன்னு ஊரே பேசுது. மொதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சுண்ணே. அப்புறம் ஒருநாள் நெனச்சுப் பாத்தேன். அங்க குளிருமே."

அவள் வாசல் கல்லை எடுத்து முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க சுட்ட கல்லு, ஒங்களுக்குத்தான் தெரியும். இது பழசுதானேண்ணே? கடல்ல கெடந்தது, நீரோட்டத்துல வந்து வலையில சுத்திக்கிட்டிருக்கும், இல்ல? பழசுன்னா சொல்லிடுங்க. அவரு அங்க இல்லன்னு தெரிஞ்சா நான் செய்யவேண்டியதச் செஞ்சிடுவேன். இருக்குறவருக்கு எப்படிண்ணே காரியம் பண்றது?"

இடம் போய்விடுமே, அப்புறம் பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்டேன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

"எனக்குக் கல்லு சுட்டுக் குடுங்க. என் விரலு வெச்சு. தம்பி வலை வுடட்டும், எடம் என்னுது."

வாசலிலிருந்து தேசிங்கு, "பொம்பளைக்குப் பார்ல எடம் குடுத்த வழக்கம் இல்லியேம்மா" என்றார்.

"குடுக்கக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்குது?"

எங்கேயும்தான் எதுவும் எழுதவில்லையே. தேசிங்கு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்தக் கல்லு வர்றது நிக்கட்டும். ஒங்க கல்லு கெடக்குற எடத்துல நான் வலை வுட மாட்டேன். மத்தவங்ககிட்டயும் நானே பேசறேன்" என்றார்.

அஞ்சலை இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே வெயில் கல்லின்மேல் விழுந்து நீலம் காட்டியது. அவளுக்கு அது வெறும் வெள்ளைதான்.

"ஆமாம்மா" என்றேன். "பழைய கல்லுதான்."

அந்த வாரமே அவள் விருத்தாசலம் வந்தாள். நான் பரணிலிருந்து அச்சை இறக்கினேன். மேலே விரற்கடை தூசி. இரண்டு பாதியையும் பிரித்தேன். உள்ளே ஈரம். நேற்று மண் அடைத்து எடுத்தது போன்ற ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கடல் தண்ணீர் மாதிரி உப்புக் கரித்தது. அவள் திரும்புவதற்குள் துணியால் துடைத்துவிட்டேன். பிறகு நான் கல் எடுக்க எடுக்க, அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை அழுத்தினாள். மீன் அரிந்து அரிந்து ரேகையே தேய்ந்த விரல். வெறும் குழிதான் விழுந்தது. "இது போதுமாண்ணே, தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

கல் கடலில் இறங்கிய மறுநாள் கரையில் உனக்குக் காரியம் நடந்தது. நானும் தொப்பியைக் கழற்றாமல் ஓரமாக நின்று எனக்குத் தெரிந்த துவாவைச் சொன்னேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அஞ்சலையின் நெற்றியைப் பார்க்க என்னால் முடியவில்லை. தேசிங்கு வார்த்தை தவறவில்லை. அவருக்கு மண் மூடாத ஒரு மூலையை ஊரில் பேசி ஒதுக்கினார்களாம். அதற்குப் பிறகு யார் வலையிலும் உன் கல் வரவில்லை. இன்று வந்த பெட்டி, அஞ்சலை இடத்தில் கிடைத்த முதல் சிங்கி.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஊர் சொல்கிறது. இருக்கலாம். கல் வந்துகொண்டிருந்தவரை எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பயம் இல்லை. அது போன அன்றுதான் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உனக்காக அழுதேன். நீ காணாமல் போனபோதுகூட அப்படி அழவில்லை.

நீ அங்கே இருந்தாய். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அவளிடம் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அவள் உன்னை விட்டிருக்கமாட்டாள். நீயும் அந்தக் குளிரை விட்டு வந்திருக்கமாட்டாய். உங்கள் இரண்டு பேரிடமும் கேட்காமல் நானே உன்னை அனுப்பிவைத்துவிட்டேன். சரியா தப்பா என்று யாரிடமும் கேட்க முடியாது. இதைச் சொல்லி இறக்கி வைக்க எனக்கு உன்னைத் தவிர ஆளில்லையடா.