கூலி வேறு, சீர் வேறு

ஆட்டையாம்பட்டி
3.11.2025

அன்புத் தங்கை தமிழ்ச்செல்விக்கு,

அண்ணன் தண்டாயுதபாணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், தறிகளுக்குத்தான் சுகமில்லை. போனில் பேசினால் நான் சத்தம் போட்டுவிடுவேன், நீ அழுவாய் என்று சொல்லி உன் அண்ணிதான் பேனாவைக் கையில் கொடுத்தாள்.

ஜீவாவின் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்தில் போட்ட மாதிரிப் பிரதி வந்து சேர்ந்தது. தாய்மாமன் என்று என் பெயரை மாப்பிள்ளை குமரகுருவின் பெயரைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறாய். பையன் கோபித்துக்கொள்ளப் போகிறான், கொஞ்சம் குறைத்துவிடு. அண்ணி அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

இப்போது விஷயம். விசைத்தறித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா என்று கேட்க, அரசாங்கம் போட்ட குழு 24ஆம் தேதி சேலம் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறது. தறி முதலாளிகள் சங்கத்தின் சார்பில் பேசப்போவது நான். தொழிலாளர் பக்கம் பேசுகிறவர்கள் பட்டியலைத் தலைவர் குருமூர்த்தி என்னிடம் நீட்டி, "ஏனுங்க, இந்த நாலாவது பேரு உங்க தங்கச்சிங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

உனக்குத் தெரியாததா? நூல் கொடுத்துத் துண்டு வாங்குகிற பெரிய வியாபாரி, துண்டுக்கு இவ்வளவு என்று எனக்குக் கொடுப்பதும் கூலிதான். ஆறு வருஷமாக அது ஒரு காசு நகரவில்லை. பதினாறு தறியில் ஆறு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. இதில் கூலியை உயர்த்து என்று சட்டம் போட்டால் மீதிப் பத்தும் அதே வண்டியில் ஏறும்.

அன்றைக்கு ஒரு நாள் நீ லீவு போடாமல் வேலைக்குப் போய்விடு. அது போதும்.

அன்புள்ள அண்ணன்,
தண்டாயுதபாணி


ராசிபுரம்
9.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தமிழ்ச்செல்வியின் வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று. அவர் நாசிக்குக்கு வெங்காய லோடு ஏற்றப் போயிருக்கிறார். ஜீவா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "மாமன் எழுத்து ஏனம்மா தார் சுத்துன மாதிரி இருக்குது?" என்று சிரித்தாள். பெயரைக் குறைக்க முடியாதென்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன்.

அண்ணா, நான் வேலை செய்கிற கொட்டகையில் நாற்பது தறி ஓடுகிறது. அத்தனைக்கும் குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றுவது நாங்கள் ஐந்து பெண்கள். பத்து மணி நேரம் நின்றால் முன்னூற்று இருபது ரூபாய். சனிக்கிழமை வவுச்சரில், சட்டத்துக்குக் காட்ட, ஒரு நாளைக்கு நானூற்று எழுபது என்று எழுதி வைத்திருப்பார்கள், அதன் கீழே கையெழுத்துப் போட்டால்தான் முன்னூற்று இருபது கைக்கு வரும். பத்து வருஷமாக வாரம் தவறாமல் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறேன். ராத்திரி கால் வீங்கி மெட்டி கழற்ற முடிவதில்லை. ஐந்து பேரில் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். எப்படி மறுப்பது?

உங்கள் கஷ்டம் தெரியாமல் இல்லை. வியாபாரி உங்களுக்கு உயர்த்தவில்லை என்றால், அதையும் அந்தக் குழுவிடமே கேளுங்கள். நீங்களும் கூலிக்காரர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருங்கள், இடம் பிடித்து வைக்கிறேன்.

அங்கே உங்கள் பெயரை நான் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

அன்புத் தங்கை,
தமிழ்ச்செல்வி


ஆட்டையாம்பட்டி
15.11.2025

தமிழ்ச்செல்விக்கு,

கேலி நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

சட்டம், சட்டம் என்கிறாயே. நம் கொட்டகையில் தார் சுற்றுகிற சுப்பம்மாளின் மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்டினது எந்தச் சட்டம்? தீபாவளிக்குச் சேலை, வீட்டில் சாவு விழுந்தால் முன்பணம், உடம்பு சரியில்லையென்றால் வண்டி வைத்து ஆஸ்பத்திரி. இதெல்லாம் எந்த வவுச்சரில் வருகிறது? கணக்காகக் கூலியைக் கேட்டால் நானும் கணக்காகத்தான் நடக்க வேண்டியிருக்கும். அப்போது யாருக்கு நஷ்டம் என்று யோசி.

அப்பா போனபின் உன்னை வளர்த்தது நான். ஐந்து பவுன் போட்டு, ஊரைக் கூட்டிக் கட்டிக்கொடுத்தேன். உன்னிடம் என்றைக்காவது கணக்குப் பார்த்தேனா? இன்றைக்கு நீ என் எதிர் வரிசையில் உட்காரப் போகிறாய். ஆட்டையாம்பட்டியே வேடிக்கை பார்க்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 24ஆம் தேதி நீ அங்கே மைக்கைப் பிடித்தால், தை பதினாலாம் தேதி ஜீவாவின் கையைப் பிடித்து மேடையேற்ற வேறு ஆளைப் பார்த்துக்கொள். மாமன் மாலையும் சீர்த்தட்டும் இந்த வீட்டிலிருந்து வராது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. எழுதி இரண்டு நாள் வைத்திருந்துதான் தபாலில் போடுகிறேன்.

தண்டாயுதபாணி


ராசிபுரம்
25.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று நடந்ததை நீங்கள் பாதிதான் பார்த்தீர்கள். மீதியை நான் சொல்ல வேண்டும்.

நீங்கள் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் வணக்கம் வைத்தபோது கையிலிருந்த தாளைப் பார்த்தீர்கள். சரி என்று நினைத்துக்கொண்டேன். என் முறை வந்ததும் முன்னூற்று இருபதையும் நானூற்று எழுபதையும் சொன்னேன், காலைச் சொன்னேன், வீட்டு வாடகையைச் சொன்னேன். அதோடு உட்காரத்தான் போனேன். குழுவில் இருந்த அந்த அம்மா விடவில்லை. "எத்தனை வருஷ அனுபவம்?" என்றார். பதினாலு வயதிலிருந்து என்றேன். "முதலில் எங்கே வேலை செய்தீர்கள்? அங்கே என்ன கூலி?" என்றார்.

அண்ணா, அந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தி, கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை ஒன்பது வருஷம் நம் கொட்டகையில் தார் சுற்றினேனே, அதற்கு ஒரு தொகை உண்டு என்றே எனக்குத் தோன்றியதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கூலி இல்லீங்க. அது எங்க ஊடுங்க."

ஹாலில் சிரித்தார்கள். குருமூர்த்தி திரும்பி உங்களைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் எழுந்து, பேச வைத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உங்கள் முறைக்கு நிற்காமல் வெளியே போனீர்கள். பெயரைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தவள், ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி சொல்லிவிட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் சொன்னது பொய் இல்லை.

நீங்கள் எனக்குச் செய்ததை எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டேன். அம்மை வார்த்தபோது ராத்திரியெல்லாம் வேப்பிலையால் வீசினது நீங்கள். அதற்கு விலை போட நான் யார்? அதேபோல ஒன்பது வருஷம் சுற்றின தாருக்கும் வேறொன்றைக் காட்டி ஈடு சொல்லாதீர்கள். கூலி வேறு, சீர் வேறு. சீர் கொடுத்தேன் என்று கூலியை நிறுத்தினால், கொடுத்த சீரின்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. சுப்பம்மாளக்காவுக்கும் அப்படித்தான் இருக்கும். மகனுக்குப் பீஸ் கட்டினதால் அவர்கள் உங்களிடம் வாய் திறந்து எதுவும் கேட்க முடிவதில்லை.

பணம் கேட்டு இதை எழுதவில்லை. நீங்கள் வரவேண்டும் என்று எழுதுகிறேன். பத்திரிகையில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது.

தங்கை,
தமிழ்ச்செல்வி


ஆட்டையாம்பட்டி
20.1.2026

திருமதி வே. தமிழ்ச்செல்வி அவர்களுக்கு,

நீங்கள் எங்கள் கொட்டகையில் தார் சுற்றிய வகையில் கூலி விவரம்: வருஷத்துக்கு முன்னூறு நாளாக ஒன்பது வருஷத்துக்கு 2,700 நாள். அதில் அம்மை வார்த்துப் படுத்திருந்த 18 நாள் கழித்து 2,682 நாள். அந்தக் காலத்து நாள் கூலி நாற்பது வீதம் ரூ. 1,07,280.

தொகையைச் சுப்பம்மாள் வசம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இத்துடன் உள்ள வவுச்சரில் கையெழுத்துப் போட்டு அவரிடமே திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
அ. தண்டாயுதபாணி

(வவுச்சர்: மேற்படி கூலி பாக்கி முழுவதும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கும் அந்த வீட்டுக்கும் எந்தப் பாத்தியமும் இல்லை.)


ராசிபுரம்
22.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

சுப்பம்மாளக்கா நேற்று மத்தியானம் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். பணப்பையை மடியை விட்டு எடுக்காமல் தண்ணீர் குடித்தார்கள். "எண்ணிக்குங்க அம்மிணி, உங்கண்ணன் மூணு தரம் எண்ணுனாருங்க. ரெண்டு மாசமா தறிக்கொட்டாய்ல யாருகூடவும் பேசறதில்லீங்க" என்றார்கள். நான் எண்ணவில்லை. நீங்கள் எண்ணினால் சரியாகத்தான் இருக்கும்.

பைக்குள் இருந்த நூறு ரூபாய்க் கட்டுகளையும் கடிதத்தில் இருந்த "அவர்களுக்கு" என்பதையும் பார்த்து முதலில் கோபம் வந்தது. அப்படியே திருப்பி அனுப்பிவிடு என்று ஜீவாவின் அப்பா சொன்னார். அனுப்பினால் அன்றைக்கு ஹாலில் நான் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும். உழைத்ததற்கு வருகிற காசை வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கல்யாணச் செலவுக்கு இதில் ஒரு ரூபாய் எடுக்கமாட்டேன். இன்று காலையில் பேங்க்கில் என் பெயரில் போட்டுவிட்டேன். நான் சம்பாதித்தது என்று என் பெயரில் இருக்கிற முதல் பணம் இதுதான்.

பதினெட்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கே மறந்துபோன கணக்கு. கழிக்க வேண்டும் என்று கோபத்தோடு உட்கார்ந்த மனுஷருக்கும் அந்தப் பதினெட்டு நாள் ஞாபகம் இருந்திருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து நிறைய அழுதேன் அண்ணா. ஜீவா பயந்துபோய்விட்டாள்.

வவுச்சரில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில், எழுதின தொகையும் கொடுத்த தொகையும் ஒன்றாக இருந்த வவுச்சர் இது ஒன்றுதான். அந்த வகையில் நீங்கள் யோக்கியமான முதலாளி. கடைசி வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன். அதற்கு நான் ஒப்பவில்லை. பாத்தியம் தீர்க்கிற அளவுக்கு ஒரு லட்சத்து ஏழாயிரம் பெரிய தொகை இல்லை.

புதன்கிழமை தை பதினாலு. முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. மேடையேற்ற வேறு ஆளைப் பார்க்கச் சொன்னீர்கள், நான் யாரையும் பார்க்கவில்லை. ஜீவா மண்டப வாசலில் நிற்பாள்.

கூலி வந்து சேர்ந்தது அண்ணா. சீர் இன்னும் வரவில்லை.

உங்கள் தங்கை,
தமிழ்ச்செல்வி