மஞ்சள் மூடி ட்யூப்

பிப்ரவரி 3

இன்று லாட்ஜிலிருந்து வந்த விரிப்புகள் மட்டும் நாற்பத்திரண்டு. மதியம் வரை நீராவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அதன் முன்னால் நிற்கும்போது ஆவி பெட்டியிலிருந்து வருகிறதா, என் முகத்திலிருந்து வருகிறதா என்றே எனக்குத் தெரிவதில்லை.

பக்கத்து மேசைப் பெரியம்மா, "யார நெனச்சுடி இப்படிச் சிவக்கிறே? எங்களுக்கும் சொல்லு, நாங்களும் கொஞ்சம் சிவக்கறோம்" என்றார். சலவைக்கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் இன்னும் சிவக்கும். சிவந்தால் இன்னும் சிரிப்பார்கள்.

மூக்குக்குப் பக்கத்தில் புதிதாக நான்கு கொப்புளம். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல்.

பிப்ரவரி 6

ஒன்பதாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் படிப்பு வராததுதான் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். பொய். படிப்பு வந்தது. கணக்கு நன்றாகவே வந்தது. கரும்பலகைக்கு முன்னால் போய் நிற்பதுதான் வரவில்லை.

எழுந்து நின்றதுமே முகம் பற்றிக்கொள்ளும். "ஒரு கேள்விதானே கேட்டேன், அதுக்கு ஏன் இப்படி வெட்கப்படறே?" என்பார் டீச்சர். பின் பெஞ்சிலிருந்து "தக்காளி" என்று ஒரு குரல். வீட்டிலும் வெட்கம் என்றேதான் பேர். அம்மா விருந்தாளிகளிடம், "அவளுக்கு வெட்கம் ஜாஸ்தி" என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லுவாள்.

வெட்கத்துக்கு யாராவது மருந்து போடுவார்களா? அக்கா மட்டும்தான் போட்டாள். மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் அந்த ட்யூபைக் கொண்டுவந்தாள். மஞ்சள் மூடி. "நிறைய பேரு வாங்கறாங்க. போட்டுப் பாரு பூனை" என்றாள்; அவளுக்கு நான் பூனைதான். காலையில் குளித்துவிட்டுப் போட்டேன். மூன்றாம் நாள் கண்ணாடியில் ஒரு சாதாரணப் பெண் நின்றாள். அக்கா என் முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, "நான்தான் டாக்டர்" என்று குதித்தாள்.

அது போன வருஷம். இப்போது ஒரு வேளை விட்டாலும் எரிகிறது.

பிப்ரவரி 15

கண் உறுத்தலைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். தையல் கம்பெனியில் அவளுக்கு லீவு இல்லை. அதனால் அக்காதான் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் பெரிய கண்ணாடி வைத்து என் முகத்தைப் படித்தார் – படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு நிதானம். "இது பருவும் இல்ல, வெட்கமும் இல்ல. ரோஸேஷியான்னு ஒண்ணு" என்றார். பேர் பூ மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக எனக்கு இருந்ததற்கு ஒரு பேர் இருக்கிறது என்பதே ஆறுதலாக இருந்தது. அப்போது கேட்டார்:

"முகத்துல வேற கிரீம் ஏதாவது போடறியா?"

அக்கா பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவது நின்றது.

"இல்ல" என்றேன்.

ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். எப்போதெல்லாம் எரிகிறதோ அதற்கு முன்னால் என்ன செய்தேன், என்ன சாப்பிட்டேன் என்று குறித்துவரச் சொன்னார்.

 

பிப்ரவரி 16

ஏன் இல்லை என்றேன்? டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கும் மருந்து அது. அக்காவின் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயம். அதனால்தான்.

பிப்ரவரி 17

அதனால் மட்டும் இல்லை. ட்யூபைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் பெரியது. இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும்.

மார்ச் 4

துணிக்குக் குத்தும் நீலச் சீட்டுகளின் பின்பக்கத்தில் டாக்டருக்கான குறிப்பு எழுதுகிறேன். வெயிலில் பத்து நிமிஷம் – எரிச்சல். சூடான டீ – எரிச்சல். ஆறிய டீ – இல்லை. நீராவி – சொல்லவே வேண்டாம். பெரியம்மாவின் கேலி – எரிச்சல்.

ட்யூப் பற்றி எந்தச் சீட்டிலும் இல்லை. காலையில் ட்யூப், சாயங்காலம் ஜெல். ஜெல் சுருக்கென்று குத்துகிறது, ட்யூப் குளிரக் குளிர இருக்கிறது. இதில் எதை நம்புவேன்?

மார்ச் 18

டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "கொஞ்சமாவது அடங்கியிருக்கணுமே. தினமும் போடறியா?" தலையாட்டினேன். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "இவ்வளவு ஒழுங்கா எனக்கு யாருமே எழுதிட்டு வந்ததில்ல" என்றார்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வேறு ஜெல் மாற்றிக் கொடுத்தார்.

மார்ச் 23

அக்காவை வேறு கிளைக்கு நான்கு நாள் அனுப்பியிருக்கிறார்கள். ட்யூப் தீர்ந்துவிட்டது. வாலைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கினேன். கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழித்தேன்.

மார்ச் 25

நெருப்பு.

மார்ச் 26

அக்கா வந்தாள். புதுசு கொண்டுவந்தாள். போட்டு ஒரு மணி நேரத்தில் அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ கேட்கப்போகிற மாதிரி. கேட்கவில்லை.

மார்ச் 29

இன்று கடையில் பெரிய சண்டை. லாட்ஜ் விரிப்பில் கறை போகவில்லை என்று சலவை மிஷின் பார்க்கும் அண்ணன் அளவே பார்க்காமல் ப்ளீச்சைக் கவிழ்த்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, ஒரு மாசமாகவே. இன்று என் பெட்டியின் நுனி பட்டதும் துணி தானாகப் பிளந்தது. நான் அழுத்தவே இல்லை.

"கறை போச்சே, அதப் பாரு" என்றார் அண்ணன்.

"துணியும் போச்சே, அத நீ பாரு" என்றார் பெரியம்மா.

முதலாளியம்மா இரண்டு பேரையும் திட்டினார். நான் அந்த விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ஆனால் இழை இழையாக அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை ஜன்னலுக்கு எடுத்துப் போனேன். கன்னத்துத் தோலுக்குள் சிவப்பு நூல் நூலாக ஓடுகிறது. போன வருஷம் இந்த நூல்கள் கிடையாது. கொப்புளமும் கிடையாது. வெறும் சிவப்புதான் இருந்தது.

ட்யூபுக்கு முன்னால் வெறும் சிவப்புதான் இருந்தது.

மார்ச் 30

டாக்டரிடம் சொல்ல வேண்டும். அக்கா கூட வருவாளே – அவள் முன்னால் எப்படிச் சொல்வது? அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போனால்? அது இன்னும் மோசம். முதுகுக்குப் பின்னால் சொன்ன மாதிரி ஆகும். அய்யோ, எனக்கு வாயே வராதே. பஸ்ஸில் இறங்கணும்னு சொல்லக்கூட வாய் வராம ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வர்றவ நான்.

ஏப்ரல் 8

வாய் வரவில்லை. ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு என்னை. "எவ்வளவு நாளா?"

"பதினாலு மாசம்."

"யாரு குடுத்தது?"

நான் தரையைப் பார்த்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "நான்தான் மேடம்" என்றாள் அக்கா. "மருந்துக்கடையில வேலை பாக்கறேன்."

"மருந்துக்கடையில வேலை பாக்கற உனக்கே தெரியாதா, இது ஸ்டீராய்டுன்னு?"

"தெரியாது மேடம். எங்க கடையில எல்லாருக்கும் இதத்தான் குடுக்கறோம்."

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு கோபம் இல்லாமல் எனக்கு விளக்கினார். முதலில் இருந்தது சின்னது. இது அதை அமுக்கி வைத்து, தோலை மெலியவைத்து, பெரிதாக்கியிருக்கிறது. இன்றோடு நிறுத்த வேண்டும். "நிறுத்தினா முதல்ல மோசமாகும். நீ நினைக்கறத விட மோசமாகும். ஆறு வாரம், எட்டு வாரம். நடுவுல ஒரு தடவை இத எடுத்தேன்னா, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்." ஒரு மாத்திரை, ஒரு ஜெல், வெயிலுக்கு ஒரு கிரீம். நீராவிப் பக்கமே போகக்கூடாது என்று கடைக்கு ஒரு சீட்டும் எழுதினார்.

வெளியே வந்ததும் அக்கா, "வீட்டுலயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 10

முதலாளியம்மா சீட்டைப் படித்தார். "நீராவி வேணாம்னா முன்னாடி கவுண்டர்ல நில்லு. வேற வேலை எங்கிட்ட இல்ல."

கவுண்டர். வருகிறவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்க்கும் இடம். இந்த மாதம் போய்!

ஏப்ரல் 13

வீங்கிவிட்டது. தலையணை பட்டால் வலி.

ஏப்ரல் 15

தோல் என்னுடையது இல்லை போல இருக்கிறது. யாரோ சின்ன அளவில் தைத்து மாட்டிவிட்ட மாதிரி.

ஏப்ரல் 17

கவுண்டரில் ஒரு பெரியவர் துணியைக்கூட எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்: "யாராவது அடிச்சாங்களாம்மா?" இல்லை என்று தலையாட்டினேன். நம்பவில்லை. போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பிறகு ஒரு சின்னக் குழந்தை, "அந்த அக்கா மூஞ்சியில ஏன் ஜாம் இருக்கு?" என்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். நான் குனிந்து, "ஜாம் இல்ல, புண்ணு. அதுக்குத்தான் மருந்து சாப்பிடறேன்" என்றேன். "கசக்குமா?" "முழுங்கிடுவேன்." அதற்குத் திருப்தி.

யோசித்துப் பார்த்தால், நானாக ஒரு வாடிக்கையாளரோடு பேசியது இதுதான் முதல் தடவை. அதுவும் மூன்றடி உயர வாடிக்கையாளர்.

அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஏப்ரல் 20

இன்று முடியவில்லை. ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். வேலைக்குப் போகவில்லை. அழுதால் கண்ணீர் பட்டு எரிகிறது, எரிந்தால் அழுகை வருகிறது. இது என்ன கணக்கு?

மதியம் அக்கா சீக்கிரமே வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து, அதை எடுத்தாள். அதே மஞ்சள் மூடி.

"ஒரே ஒரு தடவை போட்டுக்கோ" என்றாள். "டாக்டருக்குத் தெரியவே தெரியாது. நீ இப்படிக் கெடக்கறத என்னால பாக்க முடியல பூனை."

அவள் குரல் உடைந்திருந்தது. மூடியை அவளே திறந்துவிட்டாள். வாசனை வந்தது. என் கை தானாக நீண்டது – ஆமாம், நீண்டது, எழுதித்தான் ஆக வேண்டும். அக்கா கொடுத்து இதுவரை எதையும் நான் வேண்டாம் என்றதில்லை. அவள் பழைய சட்டையிலிருந்து பாதி பிஸ்கட் வரை.

"வேணாம்" என்றேன்.

"பாப்பா –"

"வேணாங்கா. எடுத்துட்டுப் போ. தூக்கிப் போடு. என் கண்ணுல காட்டாத!"

கத்திவிட்டேன். எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது. அக்கா மூடியைத் திருகி மூடினாள். பிறகு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். "அன்னிக்கு டாக்டர் முதல் தடவை கேட்டப்பவே எனக்குப் பயம் வந்துடுச்சு. நீ இல்லன்னு சொன்னே. எனக்கு நிம்மதியா இருந்துச்சுடி. ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிம்மதியா இருந்தேன்."

 "எனக்கும்தான்" என்றேன். அது உண்மை.

ஏப்ரல் 21

அக்கா பேசுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். பேசாமல் இருந்ததே தேவலை.

மே 9

கொப்புளங்கள் காய்கின்றன. எண்ணினேன்: பதினொன்று. போன வாரம் எண்ணவே முடியவில்லை.

மே 24

ஆறு வாரம் தாண்டிவிட்டது. காலையில் முகம் கழுவும்போது தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது.

ஜூன் 10

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். மாத்திரையைக் குறைத்தார். "நல்லா தாங்கிட்டே" என்றார். கன்னத்து நூல் கோடுகள் முழுசாகப் போகாது. வெயிலிலும் சூட்டிலும் கொஞ்சம் சிவக்கத்தான் செய்யும். ஜெல்லை விட முடியாது. "முழுசா குணமாயிடுமான்னு கேட்டா, இல்ல. அடங்கும். நீ சொன்னபடி கேட்டுக்கும்." வேறு எது நான் சொன்னபடி கேட்கிறது? இதாவது கேட்கட்டும்.

ஜூன் 22

உள்ளே இஸ்திரி மேசைக்கே திரும்பப் போகிறாயா என்று பெரியம்மா கேட்டார். டாக்டர் விடமாட்டார் என்றேன். "விட்டா வருவியா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 2

அக்காவுக்கும் அவள் முதலாளிக்கும் தகராறு. அந்த ட்யூபைக் கேட்டு வருகிறவர்களிடம் சீட்டு கேட்கிறாளாம். "நீ கடை நடத்தறியா, பரீட்சை நடத்தறியா?" என்று கத்தினாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஆனால் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

ஜூலை 19

ஜெல் தீர்ந்தது. சாயங்காலம் வேலை முடிந்து அக்காவின் கடைக்கு நடந்தே போனேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, கூட ஒரு பெண். அந்தப் பெண் துப்பட்டாவைக் கன்னம் வரை இழுத்துப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

அம்மா, "அந்த மஞ்சள் மூடி ட்யூப் ஒண்ணு குடும்மா" என்றார்.

"சீட்டு இருக்குங்களா?"

"என்னம்மா புதுசா கேக்கறே? போன மாசம் இங்கதான் வாங்கினேன். இவளுக்கு மூணே நாள்ல சரியாச்சு."

உள்ளே முதலாளி தலையைத் தூக்கினார்.  அக்காவின் பார்வை என்மேல் வந்து நின்றது. கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் முன்னால் போனேன். கவுண்டர் விளக்குக்கு நேர் கீழே நின்றேன். வெயிலில் நடந்து வந்ததில் கன்னம் சூடாக இருந்தது; எவ்வளவு சிவந்திருக்கும் என்று எனக்கே தெரியும்.

"எனக்கும் மூணே நாள்ல சரியாச்சுங்க" என்றேன். "அப்புறம் பதினாலு மாசம் போட்டேன். விட்டு மூணு மாசம் ஆகுது. இப்பத்தான் இந்த அளவுக்கு வந்திருக்கு."

அந்த அம்மா நம்பாமல் பார்த்தார். அந்தப் பெண் துப்பட்டாவை விட்டுவிட்டு ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"கிட்ட வந்து பாக்கட்டுமா?" என்றாள்.

"பாரு" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன்.