மேட்டு நிலைய ஊழியர் பணியில்தான் இருந்தார்

அனுப்புநர்:
கண்காணிப்பு ஊழியர் (பகல் முறை),
இணைய இணைப்புக் கண்காணிப்பு அறை, இரண்டாம் தளம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: மேட்டு நிலைய ஊழியர் "பணியில் இல்லை" என்ற விசாரணைக் குறிப்பைத் திருத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறு பேர் இருந்த இந்த அறையில் நான்கு ஆண்டுகளாகப் பகல் முறைக்கு நான் ஒருத்திதான். மற்ற ஐந்து நாற்காலிகளுக்கும் உறை போட்டாயிற்று. காலை பத்து மணிக்கு, ஊருக்கு வெளியே மேட்டின் மேலுள்ள மேட்டு நிலையத்திலிருந்து அதன் ஒரே ஊழியர் தொலைபேசியில் அழைப்பார். "எல்லா விளக்கும் பச்சைம்மா. சாப்பிட்டாச்சா?" அதன்பின் மாலைவரை வேறு குரல் கிடையாது. மனைவி இறந்தபின் அந்நிலையத்திலேயே தங்கிவிட்ட அவரை எல்லோரும் மேட்டுக்காரர் என்பார்கள். நான் அண்ணே என்பேன். முகம் பார்த்ததில்லை.

2. அந்நிலையத்துக்கும் இவ்வறைக்கும் இடையிலான இணைப்பின் இரு முனைக் கருவிகளும் நொடிக்கொரு முறை "நான் இருக்கிறேன்" என ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும். தொடர்ந்து மூன்று தவறினால் இங்கே மணி அடிக்க வேண்டும். சென்ற மாதம் காற்றில் அங்குள்ள இணைப்புக் கம்பி ஆடி, அந்நிலையத்தின் மணி நாளுக்கு இருநூறு முறை அடித்தது. மேற்பார்வையாளர் உத்தரவுப்படி அதைப் பராமரிப்பு நிலையில் போட்டு அடக்கினேன்; அப்படிப் போட்டால் மணியும் அடிக்காது, திரையிலும் எதுவும் காட்டாது. பொத்தானை அழுத்தியது என் விரல்.

3. சென்ற செவ்வாயன்று பத்து மணி அழைப்பு வரவில்லை. நான் அழைத்தும் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் இணைப்புகள் தாமாகவே மாற்றுப் பாதைக்குப் போய்விட்டதால் எவரும் புகார் செய்யவில்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "ஸ்கிரீன்ல ஒண்ணும் காட்டலையேம்மா, அப்புறம் என்ன? எங்கயாவது போயிருப்பார்" என்றார். புதனன்றும் சொன்னேன். அதே பதில்தான்.

4. வியாழன் காலை விடுப்பு எடுத்து, பேருந்தில் போய் மேடேறினேன். ஏணி சரிந்து கிடந்தது. கீழே அவர், கால் முறிந்து, கையில் அறுந்த கம்பியோடு கிடந்தார். ஆடும் கம்பியை இறுக்கிக் கட்ட ஏறியவர், விழும்போது அதையே பிடித்திருக்கிறார். எட்டும் தூரத்தில் இருந்த ஒரு பாட்டில் தண்ணீர்தான் இரண்டு நாளும் அவரைக் காத்தது.

5. என் குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வந்துட்டீங்களாம்மா. மணி அடிச்சிருக்கும், யாராவது வருவாங்கன்னு தெரியும்" என்றார். ஆமாம் அண்ணே, அடித்தது என்றேன். அது பொய்.

6. விசாரணைக் குறிப்போ, அவர் எப்போது விழுந்தார் எனப் பாராமல், "எச்சரிக்கை ஏதும் பதிவாகவில்லை, எனவே பழுதில்லை, அழைப்பு வராததால் ஊழியர் பணியில் இல்லை" என்கிறது. அதைக் காரணம் காட்டி, மருத்துவமனையில் கிடப்பவருக்குப் பணிநீக்க அறிவிப்பும் போயிருக்கிறது.

7. மணியை அடக்கினாலும், தவறிய செய்திகளை எங்கள் முனைக் கருவி தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். செவ்வாய் காலை 9.42-க்கு நின்ற செய்தி அதன்பின் ஒருமுறைகூட வரவில்லை. அதுவே அவர் விழுந்த நேரம். பதிவின் மூன்று பக்கங்களை இணைத்துள்ளேன். இதுவரை எவரும் அவற்றைக் கேட்கவில்லை.

ஆகவே, அவருடைய பணிநீக்க அறிவிப்பைத் திரும்பப் பெற்று, அவர் பணியில் இருந்தபோதே விழுந்தார் எனத் திருத்தி எழுதுமாறும், அடக்கிய எச்சரிக்கைகளை நாள்தோறும் சரிபார்க்க இவ்வறைக்கு இன்னொருவரை அமர்த்துமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மணியை அடக்கியதற்கான விளக்கத்தை என்னிடம் கேட்டால், நேரில் வந்து தரக் காத்திருக்கிறேன்.

இடம்: கண்காணிப்பு அறை
நாள்: 14, திங்கள்

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
கண்காணிப்பு ஊழியர்

இணைப்பு: கருவிப் பதிவு, 3 பக்கங்கள்.
நகல்: மேட்டு நிலைய ஊழியர், எலும்பு முறிவுப் பிரிவு, நான்காவது படுக்கை. நேரில் படித்துக் காட்டப்படும்.