பாப்பா நட்ட ஆலமரம்

என்னவளுக்கு,

"தொட்டியை இடம் மாத்தாதீங்க, ஆலமரத்துக்கு ஆகாது" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். நான் கேட்டேனா? நம் பாப்பா நட்டதைப் பால்கனியிலிருந்து, அவள் போனபின் மூடியே கிடக்கும் அவள் அறைக்கே நகர்த்தினேன். அங்கே உயிரோடு ஏதாவது இருக்கட்டும் என்றுதான்.

ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. தாகமாக்கும் என்று தினமும் இரண்டு செம்பு ஊற்றினேன்.

நேற்று நர்சரிக்காரர் வந்து வேரைக் கிளறிப் பார்த்தார். "தண்ணி ஊத்தியே கொன்னுட்டீங்களே சார். இனிமே ஊத்தாதீங்க" என்றார்.

நீ வந்ததும் நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். நீ வரப்போவதில்லை என்று மச்சான் போனில் சொன்னார்.

இன்று காலையும் செம்போடு போனேன். ஊற்றுவதை நிறுத்திவிட்டால், அந்தக் கதவைத் திறக்க எனக்கு வேறு என்ன சாக்கு இருக்கிறது, சொல்.

உன் வீட்டுக்காரன்