ஒரே பிடிஎஃப்பில் பன்னிரண்டு படங்கள்

ஓவியரம்மாவுக்கு,

எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாத உன் பன்னிரண்டு எஸ்விஜி படங்களையும் கண்காட்சிக் குறிப்புகளோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கிய மேதாவி நான்தான். மாற்றியதில் கோடெல்லாம் வெறும் புகைப்படமாகிவிட்டது. இப்போது பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகிறது. எல்லாம்தான் ஒன்றாகிவிட்டதே என்று அசலையும் அழித்துத் தொலைத்தேன்.

"இதை வச்சு சுவர் அளவுக்கு அடிக்க முடியாது சார்" என்று அச்சகத்தார் கையை விரித்துவிட்டார். அசலை மீட்க முடியுமா என்று கேட்கக் கணினியோடு ரிப்பேர் கடைக்குப் போகிறேன். நம்பிக்கை இல்லை.

சாப்பாடு மூடியிருக்கிறது. சாவி ஜன்னலோரம்.

– உதவாக்கரை

பி.கு.: நேற்றிலிருந்து நீ பேசவே இல்லை. கோபம் படம் போனதற்கா, வேறெதற்காவதா? இதிலேயே எழுதிவிடேன்.

(கீழே, அவள் கையெழுத்தில்)

கண்காட்சி போனா போகட்டும், மறுபடி வரைஞ்சுக்கறேன். என்னை ஒரு வார்த்தை கேக்காம என் வேலையில கை வச்சீங்களே, அதுதான் ஆறலை.